டென்மார்க்கில் மாட்டிக்கொண்டால்: கோளாறு வாரியாகக் கொஞ்சம் டேனிஷ்

டென்மார்க்கில் ஆங்கிலம் போதும் என்று எல்லாரும் சொல்வார்கள். வாய்க்குப் போதும், உண்மைதான். கண்ணுக்கும் காதுக்கும் போதாது. கடைக்காரப் பெண் அழகாக ஆங்கிலம் பேசுவார். பால் பாக்கெட் பேசாது. கதவில் ஒட்டிய ஸ்டிக்கர் பேசாது. வேலையாக அங்கே ஏழு மாதம் இருந்தேன். நான் மாட்டிக்கொண்டதில் முக்கால்வாசி பேசத் தெரியாததால் வந்தது அல்ல. எழுதியிருந்ததைப் படிக்கத் தெரியாமலும், காதில் விழுந்ததைப் பிரிக்கத் தெரியாமலும் வந்தது. அதனால் 'வணக்கம், நன்றி, எவ்வளவு' என்று பாடம் நடத்தாமல், என்ன கோளாறு என்பதை வைத்து எழுதுகிறேன். உங்களுக்கு நடந்தது எதுவோ அங்கே நேராகப் போய்விடுங்கள்.

ஒரே ஒரு முன்தகவல். டேனிஷ் நெடுங்கணக்கில் 29 எழுத்து. நாம் அறிந்த 26 போக, கடைசியில் மூன்று: ஏ-யும் ஈ-யும் ஒட்டிப் பிறந்த எழுத்து ('எ' போல ஒலிக்கும்), குறுக்கே வெட்டிய ஓ ('ஏ' சொல்லிக்கொண்டே உதட்டை 'ஓ'வுக்குக் குவித்தால் வரும்), தலையில் வட்டம் வைத்த ஏ (பெரும்பாலும் 'ஓ'). கீழே தமிழில் எழுதியிருக்கும் உச்சரிப்பெல்லாம் தோராயம்தான்.

கதவைத் தள்ளுகிறேன், திறக்க மாட்டேன் என்கிறது

கதவில் நாலெழுத்து இருக்கும். 'ட்ரெக்' என்றால் இழு. 'ட்ரூக்' என்றால் தள்ளு. இரண்டுக்கும் முதல் இரண்டு எழுத்தும் கடைசி எழுத்தும் ஒன்றே. மூன்றாவதை மட்டும் பாருங்கள்: ஒட்டிப் பிறந்த எழுத்து என்றால் இழுக்க வேண்டும், ஒய் என்றால் தள்ள வேண்டும். சில கதவுகளில் தள்ளுவதற்கு 'ஸ்கூப்' என்று போட்டிருப்பார்கள். அதில் குழப்பம் இல்லை.

கழிப்பறைக் கதவில் எச் ஆண்கள், டி பெண்கள். 'ஒப்டேயெட்' என்றால் உள்ளே ஆள் இருக்கிறார். 'லேதி' என்றால் காலி.

என் சீட்டு எண்ணைக் கூப்பிட்டார்கள், எனக்குத் தெரியவில்லை

இதுதான் பெரிய கோளாறு. விலை கேட்டால் புரியாததும், வீட்டு எண் சொன்னால் புரியாததும் இதே நோயின் வேறு முகங்கள்.

மருந்துக்கடையிலும் பேக்கரியிலும் வாசலிலேயே ஒரு சின்ன இயந்திரம் சீட்டை நாக்குபோல நீட்டிக்கொண்டிருக்கும். கிழித்துக்கொண்டு நிற்க வேண்டும். ஒரு சனிக்கிழமை என் சீட்டில் 57. அன்றைக்கு எண் காட்டும் பலகை பழுது. உள்ளே இருந்த அம்மா வாயாலேயே கூப்பிட்டுக்கொண்டிருந்தார். 'ஸ்யூஹால்ட்ரெஸ்' என்றார். இன்னொரு தரம் சொன்னார். கடையில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நானும் அவர்களைப் பார்த்தேன், யாரப்பா அந்தக் கவனமில்லாத ஆள் என்று. அவர் 58-க்குப் போய்விட்டார்.

நடந்தது என்னவென்றால், டேனிஷில் ஒன்றின் இலக்கம் முதலில் வரும். 57 என்பது 'ஏழும் ஐம்பதும்'. அது மட்டும் என்றால் ஒரு வாரத்தில் பழகிவிடும். ஆனால் 50-லிருந்து 90 வரை கணக்கு பத்துப் பத்தாக ஓடாமல் இருபது இருபதாக ஓடுகிறது. 60 'ட்ரெஸ்', அதாவது மூன்று இருபது. 80 'ஃபீர்ஸ்', நாலு இருபது. நடுவில் வருகிற மூன்றும்தான் தொல்லை. 50-க்குப் பெயர் 'ஹால்ட்ரெஸ்'. 'மூன்றாவதில் பாதி' இருபது என்று அர்த்தம்: இரண்டு முழுசாகப் போய், மூன்றாவதில் பாதி. நம் கணக்கில் இரண்டரை இருபது. 70 'ஹால்ஃபியர்ஸ்', மூன்றரை இருபது. 90 'ஹால்ஃபெம்ஸ்', நாலரை இருபது. கால், அரைக்கால், வீசம் என்று வாய்ப்பாடு சொன்ன பரம்பரை நாம். இதற்கெல்லாம் பயப்படக் கூடாது.

காதில் விழும்போது இப்படிப் பிரியுங்கள். முதல் ஒலி ஒன்றின் இலக்கம், அதைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து 'ஹால்' கேட்டதா? கேட்டால் 50, 70, 90 மூன்றில் ஒன்று. அதன் பின்னால் 'ட்ரெ' வந்தால் 50, 'ஃபியர்' வந்தால் 70, 'ஃபெம்' வந்தால் 90. 'ஹால்' இல்லாமல் 'ட்ரெஸ்' 60, 'ஃபீர்ஸ்' 80. அதற்குக் கீழே வேறு பெயர்கள்: 20 'ட்யூவ', 30 'ட்ரெல்வ', 40 'ஃபொர'.

இன்னொரு பொறி: 4 என்பது 'ஃபீர', 80 என்பது 'ஃபீர்ஸ்'. கடைசி 'ஸ்' ஒன்று விலையை இருபது மடங்காக்கிவிடும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை; அந்த 'ஸ்', 'இருபது தடவை' என்ற பழைய நீண்ட சொல்லின் மிச்சம்தான்.

அவசரத்துக்கு வழி: கார்டு இயந்திரத்தின் திரையைப் பாருங்கள். அதிலும் புள்ளியும் காற்புள்ளியும் இடம் மாறியிருக்கும். 49,95 என்றால் 49 குரோனர் 95 ஓர. 1.250 என்றால் ஆயிரத்து இருநூற்று ஐம்பது, ஒன்றேகால் இல்லை. ரொக்கமாகக் கொடுத்தால் ஐம்பது ஓரவுக்கு முழுதாக்கிவிடுவார்கள். ஊரில் யாராவது பழைய ஆயிரம் குரோனர் தாளைக் கொடுத்தனுப்பினால் வாங்காதீர்கள். 2025 மே 31-ஓடு அது செல்லாமல் போய்விட்டது.

சொன்ன நேரத்துக்குத்தான் போனேன், எல்லாரும் சாப்பிட்டு முடித்திருந்தார்கள்

'ஹால் ஓட' என்று சொல்லியிருப்பார்கள். 'ஓட' என்றால் எட்டு, 'ஹால்' என்றால் அரை. எட்டரை என்று நீங்களே முடிவு செய்துகொண்டிருப்பீர்கள். இல்லை, ஏழரை. மேலே ஐம்பதுக்குப் பார்த்த அதே கணக்கு: எட்டாவது மணியில் பாதி. அப்படியே 'ஹால் நீ' என்றால் எட்டரை ('நீ' என்றால் ஒன்பது). 7.25-ஐ 'ஏழரைக்கு ஐந்து இருக்கு' என்கிற மாதிரிதான் சொல்வார்கள், அதிலும் எட்டு என்ற சொல்தான் வரும்.

டேனிஷ்காரர்கள் நேரத்துக்கு வருகிறவர்கள். ஏழரைக்கு என்றால் ஏழு இருபத்தெட்டுக்குத் தெருமுனையில் நின்று கைக்கடிகாரம் பார்ப்பார்கள். ஒரு மணி நேரம் தாமதம் என்பது சிரித்து மழுப்புகிற விஷயமில்லை. யாராவது வாய்மொழியாக நேரம் சொன்னால் உடனே 24 மணி நேரக் கணக்கில் திருப்பிக் கேட்டுவிடுங்கள்: '19.30 தானே?'

இதே வகையில் இன்னொன்று. கடைக்கதவில் 'ஊஅ 29' என்று எழுதி 'லுகட்' என்று போட்டிருக்கும். லுகட் என்றால் மூடியிருக்கிறது. 'ஊஅ' என்றால் வாரம். 29 தேதி இல்லை, ஆண்டின் 29-வது வாரம், அதாவது ஜூலை நடு. அங்கே விடுமுறை, பள்ளி, அலுவலகக் கூட்டம் எல்லாம் வார எண்ணில்தான் ஓடும். இலையுதிர்காலப் பள்ளி விடுமுறை என்றால் 42-வது வாரம் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். போன் காலண்டரில் வார எண் காட்டும் வசதியைப் போட்டுக்கொள்ளுங்கள்.

டீயில் பால் ஊற்றினேன், திரிந்துவிட்டது

போன முதல் வாரம். குளிர். இஞ்சி தட்டிப் போட்டு, இலை நன்றாகக் கொதித்து, நிறம் இறங்கியாயிற்று. பாக்கெட்டைத் திறந்து ஊற்றினேன். வெள்ளையாகப் பரவ வேண்டியது, துணுக்குத் துணுக்காக மேலே மிதந்தது. பால் கெட்டுவிட்டதோ என்று இன்னொரு பாக்கெட்டை உடைத்தேன், அதே கதை. இரண்டும் கெடவில்லை. நான் வாங்கி வந்தது மோர்.

குளிர்பெட்டியில் அடுக்கியிருக்கும் எல்லாப் பாக்கெட்டிலும் 'மெல்க்' என்று முடியும். முன்னால் இருப்பதைத்தான் படிக்க வேண்டும். 'கெர்ன' மெல்க் மோர். 'ஸோல்' மெல்க் முழுப் பால், 3,5 சதவீதக் கொழுப்பு. டீக்கும் காபிக்கும் அதுதான். 'லெட்' 1,5 சதவீதம். 'மினி' அதற்கும் கீழே, 'ஸ்கும்மட்' ஆடை நீக்கியது. 'ட்யூக்' மெல்க் என்று ஒன்று இருக்கிறது, புளிக்க வைத்த கெட்டிப் பால். டீக்கு ஆகாது. ஆனால் சோற்றில் பிசைந்து, கொஞ்சம் உப்பும் கடுகும் தாளித்துப் பாருங்கள். ஏழு மாதம் நான் தயிர்சாதத்துக்கு ஏங்காமல் இருந்தது அதனால்தான். மிச்சம் இருந்த மோரையும் வீணாக்கவில்லை, பெருங்காயம் போட்டுக் குடித்தேன்.

இறைச்சி இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை

பாக்கெட்டிலும் மெனுவிலும் இந்தச் சில சொற்களைக் கண் பிடித்துவிட்டால் போதும். 'ஒக்ஸ' என்று தொடங்கினால் மாடு. 'ஸ்வீன', 'ஃப்லெஸ்க்', 'ஸ்கிங்க' மூன்றும் பன்றி வகை. 'கூலிங்' கோழி (எழுத்தைப் பார்த்தால் ஆங்கிலத்தில் கொலை செய்கிற மாதிரி இருக்கும்). 'ஃபிஸ்க்' மீன், 'ரையர்' இறால், 'எக்' முட்டை. 'ஃபிரிக்கடெல்லர்' என்ற உருண்டை பெரும்பாலும் பன்றிக் கொத்துக்கறி. 'லெவபோஸ்தை' என்ற ரொட்டித் தடவல் பன்றி ஈரல். பள்ளிப் பிள்ளைகளின் சாப்பாட்டு டப்பாவிலெல்லாம் இருக்கும். 2014-இல் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த தேசிய உணவே வறுத்த பன்றிக் கறியும் பார்ஸ்லி சாஸும்தான். ஆகவே 'உள்ளூர்ச் சாப்பாடு ஏதாவது கொடுங்கள்' என்று பொத்தாம்பொதுவாகக் கேட்காதீர்கள்.

சொல்ல வேண்டியது: 'யை ஸ்பீஸர் எக கோல்'. நான் இறைச்சி சாப்பிடுவதில்லை. கொஞ்சம் கவனம், இங்கே வருகிற 'எக' முட்டை இல்லை; 'இல்லை' என்ற சொல். முட்டையும் மீனும் கூடாது என்றால் அவற்றைத் தனித்தனியாகப் பெயர் சொல்லி விலக்குங்கள்.

ஒவ்வாமை உள்ளவர்களுக்கு: பாக்கெட்டின் பின்னால் 'ஸ்போ' என்று ஒரு சொல் வரும். ரயில் நிலையத்தில் இதே சொல் நடைமேடை எண்ணுக்கு முன்னால் நிற்கும். நமக்கு விளக்கம் தேவையில்லை, தமிழிலும் அது 'தடம்'தான். ரயிலுக்குத் தடம், பாக்கெட்டில் 'நட்ஸின் தடம் இருக்கலாம்'. நட்ஸுக்கு அவர்கள் சொல் 'நோலர்'.

பாட்டிலில் 'கிஃப்ட்' என்று இருந்தால் பரிசு இல்லை, விஷம். கல்யாணம் ஆனவர் என்பதற்கும் அதே சொல். இதை வைத்து அங்கே எல்லாரும் ஏற்கனவே எல்லா நகைச்சுவையும் சொல்லி முடித்துவிட்டார்கள், நீங்கள் புதிதாக ஆரம்பிக்க வேண்டாம்.

ஊர்ப் பெயரைச் சரியாகத்தான் படித்தேன், யாருக்கும் புரியவில்லை

எழுத்துப்படி படித்திருப்பீர்கள். அதுதான் தப்பு. டேனிஷில் எழுத்தில் இருப்பதில் பாதி வாயில் வராது. விமான நிலையம் இருக்கும் தீவை 'அமாகர்' என்று எழுதுவார்கள், 'அமா' என்று சொல்வார்கள். ஓடென்ஸ என்பது 'ஓன்ஸ' மாதிரி கேட்கும். ரோஸ்கில்டவில் 'ட' கிடையாது, 'ரோஸ்கில'. தெரு என்பதற்கான சொல் எழுத்தில் 'கட', வாயில் 'கேல'. தரங்கம்பாடி 1620 முதல் 1845 வரை டேனிஷ்காரர்கள் கையில் இருந்தபோது அங்கேயும் ஒரு 'கோங்கென்ஸ்கேல' இருந்தது, ராஜாவின் தெரு.

சொல்லின் நடுவிலும் கடைசியிலும் வரும் அந்த மெத்து 'ட'தான் முக்கியக் காரணம். வேற்றுக் காதுக்கு அது 'ல' போலக் கேட்கும். நாக்கு நுனியைக் கீழ்ப்பல்லுக்குப் பின்னால் ஒட்டவைத்து, எடுக்காமலே 'ல' சொல்லப் பாருங்கள். ல, ள, ழ வைத்துக்கொண்டு பெருமைப்படும் நமக்கு நாலாவதாக ஓர் உறவுக்காரன். வராவிட்டால் தமிழ் 'ல'வையே போடுங்கள். அழுத்தி 'ட' போடுவதற்கு அது எவ்வளவோ மேல். சிவப்புப் பழக் கூழும் கிரீமும் என்று பொருள்படும் 'ரோல்க்ரோல் மெல் ஃப்லோல' என்பதைச் சொல்லச் சொல்லி உங்களைச் சுற்றி நின்று சிரிப்பார்கள். வெளியூர்க்காரர் எல்லாருக்கும் நடக்கும் சடங்கு அது.

'ஸ்டோல்' என்று தொண்டையில் ஒரு வெட்டு உண்டு, விக்கல் வரப்போய் நின்ற மாதிரி. அது இல்லாவிட்டால் 'ஹுன்' அவள், இருந்தால் நாய். பீன்ஸுக்கும் விவசாயிகளுக்கும்கூட இந்த வெட்டுதான் வித்தியாசம். இதற்காகத் தூக்கம் கெட வேண்டாம். போர்ன்ஹோம் தீவுக்காரர்கள் பரம்பரையாக இந்த வெட்டு இல்லாமலே பேசுகிறார்கள், அவர்கள் வீட்டிலும் நாய் இருக்கிறது.

பட்டியலில் ஊர் கிடைக்காவிட்டால் இன்னொரு காரணம் இருக்கலாம். தலையில் வட்டம் வைத்த ஏ, 1948 எழுத்துச் சீர்திருத்தத்தில் வந்தது; அதற்கு முன் இரண்டு ஏ போட்டு எழுதினார்கள். ஓர்ஹூஸ் நகரம் 2011-இல் பழையபடி இரண்டு ஏ-க்குத் திரும்பிவிட்டது. ஆனாலும் அகர வரிசையில் அது கடைசி எழுத்தாகவே எண்ணப்படும். முதலில் தேடிக் கிடைக்காவிட்டால் அடியில் தேடுங்கள்.

யாரோ என்னைத் தமிழில் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது

பஸ்ஸில் பின்னால் இருந்து 'வா?' என்று குரல் வரும். திரும்பாதீர்கள், 'என்ன?' என்று கேட்கிறார்கள். 'போ' என்றால் மேலே அல்லது ஒன்றின் மீது. 'டே' என்றால் அது, 'டி' என்றால் அவர்கள். 'நை' என்றால் இல்லை. முதல் மாதம் முழுக்க எனக்குக் கழுத்து வலி.

நிஜமாகவே தமிழாக இருக்கவும் வாய்ப்புண்டு. எண்பதுகளில் இலங்கையிலிருந்து போன தமிழர்கள் பலர் யூட்லாந்தில் குடியேறினார்கள். ஹெர்னிங்கிலும் பிராண்டவிலும் கோயில்கூட இருக்கிறது.

விமான நிலையத்தில் ஏறினேன், ரயில் கடல்மேல் போகிறது

எதிர்த் திசை ரயில். 2000-இல் திறந்த ஓரசுண்ட் பாலத்தைத் தாண்டி ஸ்வீடனின் மால்மோவுக்குப் போய்க்கொண்டிருக்கிறீர்கள். அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்புங்கள், பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். கோபன்ஹேகன் என்ற பெயரை எதிர்பார்த்துப் பலகையைப் பார்த்தால் தவறவிடுவீர்கள். அங்கே ஊர்ப் பெயர் 'கொப்பன்ஹௌன்', பின்னால் தனியாக ஓர் எச் இருந்தால் மத்திய நிலையம்.

பலகையில் 'அவ்காங்' புறப்பாடு, 'அன்கொம்ஸ்ட்' வருகை, 'ஃபொர்ஸின்கட்' தாமதம், 'அவ்லூஸ்ட்' ரத்து. 'டோபுஸ்' என்று இருந்தால் ரயிலுக்குப் பதில் பஸ், வெளியே போய்த் தேடுங்கள். போனில் பேசியபோது பெட்டியே முறைத்தால் நீங்கள் 'ஸ்டிலஸோன'வில் உட்கார்ந்திருக்கிறீர்கள், அது மௌனப் பெட்டி.

வண்டியை நிறுத்தினேன், அபராதச் சீட்டு செருகியிருந்தது

பலகையில் எண்களை மட்டும் பார்த்திருப்பீர்கள். கறுப்பில் சாதாரணமாக எழுதிய மணி வார நாட்களுக்கு. அடைப்புக்குறிக்குள் இருப்பது சனிக்கிழமைக்கு. சிவப்பு, ஞாயிறுக்கும் விடுமுறை நாளுக்கும். '2 டீமர்' என்றால் இரண்டு மணி நேரம், வந்த நேரம் காட்டும் வட்டத்தை வண்டிக் கண்ணாடிக்குள் வைத்தாக வேண்டும்.

பில்லில் தொகை கூடியிருக்கிறது

'பான்ட்' சேர்ந்திருக்கும், பாட்டிலுக்கான முன்பணம். டின்னுக்கு 1 குரோனர், சின்ன பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 1,50, ஒரு லிட்டரும் அதற்கு மேலும் 3. சூப்பர்மார்க்கெட்டில் இருக்கும் இயந்திரத்தில் போட்டால் திரும்பக் கிடைக்கும்.

உடம்பு சரியில்லை

உயிர் போகிற அவசரம் 112, ஆங்கிலத்தில் பேசலாம். தலைநகர்ப் பகுதியில் மற்றதற்கு 1813. அவசரப் பிரிவுக்கு நேரே போகாமல் முதலில் அந்த எண்ணுக்குப் பேச வேண்டும். மருத்துவர் 'லேய', மருந்துக்கடை 'அபொடேக்'.

நான் டேனிஷில் கேட்டேன், பதில் ஆங்கிலத்தில் வருகிறது

மட்டம் தட்டுவதாக நினைக்காதீர்கள், நேரம் மிச்சம் பிடிக்கிறார்கள். தொடக்கமும் முடிவும் மட்டும் டேனிஷில் வைத்து, நடுவை ஆங்கிலத்துக்கு விட்டுவிடுவது என் வழக்கம். போகும்போது 'ஹை', கிளம்பும்போது இரண்டு தரம், 'ஹை ஹை'. வழிவிடச் சொல்லவும் மன்னிப்புக் கேட்கவும் ஒரே சொல், 'உன்ஸ்கூல்'. விடாப்பிடியாகப் பழக வேண்டும் என்றால் 'மோ வி டே டே போ டான்ஸ்க்?' என்று கேளுங்கள், டேனிஷிலேயே பேசலாமா என்று. பெரும்பாலும் முகம் மலர்ந்து மெதுவாகப் பேசுவார்கள்.

'தயவுசெய்து' என்பதற்குத் தனிச் சொல்லைத் தேடி அலைய வேண்டாம். 'ஏன் கஃப, டாக்' என்றால் ஒரு காபி, நன்றி. அதற்குள்ளேயே மரியாதை அடங்கிவிட்டது. தமிழிலும் கடையில் யார் தயவுசெய்து என்கிறார்கள்?

வேண்டாம் என்றுதான் சொன்னேன், தட்டை நிரப்பிவிட்டார்கள்

வெறும் 'டாக்' சொல்லியிருப்பீர்கள். பரிமாற வருகிறவரிடம் அது 'சரி, போடுங்கள்' என்று ஆகிவிடும். போதும் என்றால் 'நை டாக்'. சாப்பிட்டு எழும்போது சமைத்தவரைப் பார்த்து 'டாக் ஃபோ மல்', சாப்பாட்டுக்கு நன்றி. அவர் 'வெல்பெகொம்ம' என்பார். இதைச் சொல்லாமல் எழுந்தால் நம் வீட்டில் கை கழுவாமல் போன மாதிரி பார்ப்பார்கள்.

அதற்குப் பிறகு ஒரு வாரமோ ஒரு மாதமோ கழித்து அதே ஆளைத் தெருவில் பார்க்கும்போது, முகமன் சொல்வதற்கு முன்பே 'டாக் ஃபோ ஸிஸ்ட்' என்பார். போன தடவைக்கு நன்றி. என்ன தடவை, என்ன நன்றி என்று விழிக்காமல், அப்படியே அதைத் திருப்பிச் சொல்லுங்கள்.